போர்டிங் ஸ்கூல் சாப்பல்: என் மகள் போக வேண்டுமா, வேண்டாமா?

திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜூனில் மகளை ஆறாம் வகுப்புக்கு போர்டிங்கில் சேர்க்கப் போகிறோம். மலைமேல் இருக்கிற பழைய மிஷன் பள்ளி, பெயர் இங்கே வேண்டாம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை, சீசன் வந்தால் இரவு பத்து மணி வரை இழுக்கும், பிள்ளை தனியாக டிவி முன்னால் தூங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. "மாணவியர் அனைவரும் சிற்றாலய வழிபாட்டில் கலந்துகொள்வர்." அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். அந்த வரியைப் படித்ததிலிருந்து மாமியார் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. என் பயம் வேறு. பதினொரு வயதுப் பிள்ளை, புரியாத பாட்டு, புரியாத ஜெபம், சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் தினமும் உட்கார்ந்து, நான் இங்கே வெளியாள் என்று நினைத்துக்கொள்ளுமோ என்று.

போர்டிங்கில் படித்தவர்கள் சொல்லுங்கள். அந்த சாப்பல் உங்களுக்கு என்னவாக இருந்தது?


தேரிக்காட்டுப் பொண்ணு:

அக்கா, நான் ஏழு வருஷம் போர்டிங். சிஎஸ்ஐ கிறிஸ்தவக் குடும்பம்தான், அதனால் பாட்டும் ஜெபமும் எனக்குப் புதுசில்லை. ஆனாலும் முதல் வருஷம் நானும் வெளியாள்தான். வீட்டை விட்டு வந்த எந்தப் பிள்ளையும் முதல் வருஷம் வெளியாள்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஐந்தரைக்கு முதல் மணி. ஆறே காலுக்கு இரண்டாவது மணி, அது சாப்பல் மணி. இரண்டிரண்டு பேராக வரிசை. படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சிவப்புத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், எல்லோரும் விரலை மடக்கி மடக்கி நடப்போம். ஆர்மோனியம் வாசிக்கிற அக்கா பெடலை மிதிக்கும்போது ஒரு கிரீச் சத்தம் வரும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும். இன்றைக்கும் எங்கேயாவது பழைய கதவு அப்படிச் சத்தம் போட்டால் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. காலை ஜெபம் மொத்தமே இருபது நிமிஷம். ஒரு பாமாலை, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம், அன்றைய அறிவிப்பு, அப்புறம் மெஸ்ஸுக்கு ஓட்டம்.

நான் சொல்ல வந்தது காலை ஜெபத்தைப் பற்றி இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு விசிட்டிங் டே. அப்பா அம்மா வருவார்கள், முறுக்கு, அதிரசம், துவைத்து மடித்த துணி, எல்லாம் வரும். நாலு மணிக்குப் போய்விடுவார்கள். ஆறு மணிக்கு மாலை ஆராதனை. அந்த ஒரு மாலையில் மட்டும் பாட்டுச் சத்தம் பாதிதான் இருக்கும். மீதிப் பேர் அழுதுகொண்டிருப்போம். கட்டிலில் படுத்து அழுதால் பக்கத்துக் கட்டில் பிள்ளை எழுந்து என்னாச்சு என்று கேட்கும், அவள் போய் இன்னொருத்தியிடம் சொல்வாள், அரை மணியில் வார்டன் வந்து நிற்பார். சாப்பலில் தலையைக் குனிந்து கண்ணை மூடினால் ஜெபம் பண்ணுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளைக்குத் தனியாக இருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். குளியலறையில் கூட வெளியே ஆள் நின்று கதவைத் தட்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை கோவில்பட்டிப் பக்கம், நாடார் குடும்பம், பத்ரகாளியம்மன் கும்பிடுகிறவர்கள். அவள் அம்மா கொடுத்துவிட்ட திருநீற்றைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பாள். விசிட்டிங் டே மாலை அந்தத் தீப்பெட்டியைச் சாப்பலுக்குள் கொண்டுவந்து, பெஞ்சுக்கு அடியில் திறந்து, ஒரு துளி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, அப்புறம் கண்ணை மூடுவாள். ஒருநாள் போதகர் மனைவி, அய்யரம்மா என்போம், பார்த்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் செத்தோம் என்று நினைத்தோம். அவர்கள் அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அவள் இன்றைக்கும் இந்துதான், தூத்துக்குடியில் நகைக்கடை வைத்திருக்கிறாள். என் கல்யாணத்துக்கு வந்தபோது சர்ச்சில் எனக்கு முன்னால் பாட்டை அவள்தான் சத்தமாகப் பாடினாள்.


சிவகாசி வெடி:

அக்கா சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கலாம். நான் பார்த்த சாப்பல் வேறு. திருப்பூர் அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு எடுக்க வேண்டும்.

எங்கள் ஹாஸ்டலில் சாப்பல் வாசலில் ஒரு மேசை. அதில் நோட்டு. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி டிக் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரு ஞாயிறு போகாவிட்டால் அன்று மதியம் கறி கிடையாது, சாம்பார் மட்டும். காய்ச்சலில் படுத்தவனுக்கும் இதே கணக்கு. உள்ளே லீடர்கள் நடுப்பாதையில் நடந்துகொண்டே இருப்பார்கள், எவன் வாயசைக்கவில்லை, எவன் தூங்குகிறான் என்று பார்ப்பதற்கு.

அதுகூடப் போகட்டும். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவுக்கு வேலை போய், இரண்டு டேர்ம் ஃபீஸ் கட்ட முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன அடுத்த நிமிஷம், பீடத்துக்கு முன்னால் நின்று ஃபீஸ் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை வாசித்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஆறு பேர் நின்றோம். என் பெயர் நாலாவது. மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அதில் என்னைவிட இரண்டு வகுப்பு சின்னவன் என் தம்பியும் இருந்தான்.

அக்காவுக்கு அது அழ இடம் கொடுத்தது. எனக்கு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடம் அது. நாற்பத்தைந்து வயதாகிறது, இன்றுவரை எந்த ஆலயத்துக்குள்ளும், எங்கள் குலதெய்வக் கோயிலைத் தவிர, நான் போய் உட்கார்ந்தது கிடையாது.


தேரிக்காட்டுப் பொண்ணு:

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்த இடத்தில் அதைச் செய்திருக்கவே கூடாது. வேறு எந்த இடத்திலும்கூடச் செய்திருக்கக் கூடாது.


மதுரை வக்கீல்:

அம்மா, படிவத்தில் இருக்கிற அந்த வரியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியாக இருந்தாலும் சரி, அரசு நிதி வாங்குகிற பள்ளியாக இருந்தாலும் சரி, அங்கே படிக்கிற யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது. படிக்கிறவர் மைனர் என்றால் அந்தச் சம்மதத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் தர வேண்டும். அதனால்தான் அந்த வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி தொடங்கி நடத்துகிற உரிமையைத் தருகிறது, அந்த உரிமையும் உண்மைதான், ஆனால் அது உங்கள் சம்மதத்துக்குப் பதிலாக வந்து நிற்காது.

கையெழுத்துப் போடாமல் விடலாம். போட்டுவிட்டு, "மகளுக்கு விருப்பம் இருக்கும் நாட்களில் மட்டும்" என்று பக்கத்தில் எழுதலாம். எதைச் செய்தாலும் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசிவிட்டுச் செய்யுங்கள். பள்ளியோடு சண்டையாகத் தொடங்க வேண்டாம், பிள்ளை அங்கே ஏழு வருஷம் இருக்கப் போகிறது. இன்னொன்றும் கேளுங்கள்: வராத பிள்ளைகளை அந்த நேரத்தில் எங்கே உட்கார வைக்கிறார்கள்? பல பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பு என்று இருக்கும். சில இடங்களில் வராண்டாவில் சும்மா நிற்க வைப்பார்கள். அது தண்டனை மாதிரிதான் ஆகிவிடும்.


பாளை வாத்தியார்:

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். சிவகாசித் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை, அதனால் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ரக்பி என்கிற போர்டிங் பள்ளிக்கு 1828-ல் தாமஸ் ஆர்னல்டு தலைமையாசிரியராக வந்தார். அதற்கு முன்னால் பள்ளிச் சிற்றாலயத்துக்குத் தனிக் குரு இருப்பார், தலைமையாசிரியர் வேலை வேறு. ஆர்னல்டு 1831-ல் அந்தக் குருவின் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் தானே பிரசங்கம் செய்தார். பையன்களின் நடத்தையைத் திருத்துவதற்குப் பிரம்பைவிட அந்தப் பிரசங்க பீடம் பெரிது என்று உண்மையாக நம்பினார். அந்த முறை அங்கே பெரிய வெற்றி, மற்றப் பள்ளிகளும் பின்பற்றின, பிரிட்டிஷார் போன இடமெல்லாம் அதுவும் போனது.

நல்லது நிறைய வந்தது. ஆனால் அன்றைக்கே ஒரு சிக்கலும் சேர்ந்து வந்துவிட்டது. ஜெபம் சொல்கிறவரும் தண்டனை கொடுக்கிறவரும் ஒரே ஆளாகிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்பதால், பள்ளிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கேயே சொல்லி முடிக்கிற பழக்கம் வந்தது. முதலில் விளையாட்டு முடிவு, பிறகு நேரமாற்றம், பிறகு யார் சன்னலை உடைத்தது, கடைசியில் ஃபீஸ் பாக்கி. தம்பிக்கு நடந்தது ஒரு தனிமனிதரின் கொடுமைதான். ஆனால் அறிவிப்புப் பலகையையும் பீடத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்ததால்தான் அது அவருக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது. என் பணிக்காலத்தில் நான் ஓயாமல் சொன்னது இது ஒன்றுதான்: ஆலயத்துக்குள் அறிவிப்பு வாசிக்காதீர்கள், மெஸ்ஸில் வாசியுங்கள், ஃபீஸை அங்கேயும் வாசிக்காதீர்கள், வீட்டுக்குக் கடிதம் போடுங்கள்.


சிவகாசி வெடி:

ஐயா, நன்றி. ஏன் அந்த இடத்தில் வைத்து என்ற கேள்வி முப்பது வருஷமாக என்னிடம் இருந்தது.


வண்ணை வாசன்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் சைவம். திருப்பூர் அம்மாவின் கேள்வி எங்கட ஊரில் கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழைய கேள்வி.

அமெரிக்க மிஷன்காரர் 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1824-ல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. பெண்பிள்ளையைப் படிக்க வைப்பதே புதிது, அதிலும் வீட்டை விட்டு அனுப்பி, அங்கே தங்கவைத்து, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட வைப்பது என்றால் ஒரு சைவ வீட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 1840-ல் எலைசா அக்னியூ அம்மையார் உடுவிலுக்கு வந்தார், கிட்டத்தட்ட நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அந்த மகள்களில் எத்தனையோ பேர் பிறந்தது சைவ வீடுகளில்.

ஆறுமுக நாவலரை எடுங்கள். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் தமிழாக்கத்துக்கு உழைத்தார். ஜெபமும் பிரசங்கமும் எப்படி நடக்கின்றன, வாரம் தவறாமல் ஓரிடத்தில் கூடி, ஒருவர் பேசப் பலர் கேட்பது ஒரு சமூகத்தை எப்படிக் கட்டுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தன்னுடைய முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பிறகு வெள்ளிதோறும். அடுத்த வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலை. மிஷன் பள்ளி அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை, ஆனால் வாராவாரம் கூடுவது என்கிற பழக்கத்தை அவர் அங்கே கண்டுகொண்டு வந்து எங்கட கோவிலுக்குள் வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, பெருமைதான்.

சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர். கிறிஸ்தவராக வளர்ந்து பிறகு சைவத்துக்கு வந்தார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், 1887-ல் கலித்தொகையை அச்சேற்றினார்.

அப்புறம் நாங்கள் எங்களுக்கென்று விடுதிப் பள்ளிகள் கட்டினோம். பொன்னம்பலம் இராமநாதன் 1913-ல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி, 1921-ல் எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. பரமேஸ்வராவுக்குள் சிவன் கோவிலையும் கட்டினார். அந்த இடத்தில்தான் இன்றைக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோவில் அப்படியே இருக்கிறது. பரீட்சை நாளில் போய்ப் பாருங்கள். சாப்பலில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்களோ அதையேதான் இந்தப் பிள்ளைகள் இங்கே செய்கிறார்கள். தூணில் சாய்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி.

ஆகவே அம்மா, வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கும்பிடுகிற இடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அது எங்கட தெய்வமாக இல்லாவிட்டாலும் பிள்ளை அங்கே தன்னுடைய தெய்வத்தை நினைக்கும். ஆனால் கட்டாயம் கூடாது. கட்டாயம் வந்த இடத்தில்தான் எங்களுக்கும் மிஷன்காரருக்கும் மனக்கசப்பு வந்தது.


ஏற்காட்டுப் பனி:

நான் கத்தோலிக்க போர்டிங். எங்களுக்கு சேப்பல் என்பது இரவு ஸ்டடி முடிந்து தூங்கப் போகும் முன்னால் ஐந்து நிமிஷம். விளக்கெல்லாம் அணைத்து நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு விளக்கு மட்டும் எரியும். இந்துப் பையன்கள், முஸ்லிம் பையன்கள், எல்லோரும் வருவார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் பையன்கள் ஐந்து நிமிஷம் பேசாமல் இருட்டில் இருப்பது பெரிய விஷயம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


கண்டி மழை:

திருப்பூர் அக்கா "வெளியாள்" என்று எழுதிய சொல் என்னை இழுத்தது. நான் மலையகத் தமிழ், கண்டியில் இருக்கிறேன். இங்கே திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் அங்கே படித்தவன் இல்லை, பலமுறை போய்ப் பார்த்தவன்.

1872-ல் தொடங்கிய பள்ளி. 1904-ல் ஏ.ஜி. ஃபிரேசர் அதிபராக வந்தார். ஆங்கிலம் மட்டுமே கல்வி என்று இருந்த காலத்தில் சிங்களமும் தமிழும் பாடமாக வேண்டும் என்று நின்றவர். சொந்த மொழி தெரியாமல் வளர்கிற பிள்ளை சொந்த ஊருக்கே வெளியாளாகிவிடும் என்ற கவலை அவருக்கு. அவர் காலத்தில் புதிய சிற்றாலயம் கட்டுவது என்று வந்தபோது, இங்கிலாந்துக் கோபுரம், கூர்மாட வளைவு என்று போகவில்லை. துணை அதிபராக இருந்த கேஸ்டர் பாதிரியார் வரைபடம் போட்டார். கண்டி அரசர்களின் சபை மண்டபம் இருக்கிறதே, மகுல் மடுவ, அதன் சாயலில். அங்கே மரத்தூண், இங்கே கல்தூண். ஒவ்வொரு தூணிலும் செதுக்கு வேலை. 1920-களில் தொடங்கி 1935-ல்தான் முடிந்தது.

உள்ளே டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்கள். அந்தப் பள்ளியிலேயே படித்தவர், அப்பா ஆங்கிலேயர், அம்மா சிங்களவர். சிலுவையில் இருக்கிற இயேசுவுக்கு அவர் தாடி வரையவில்லை. பின்னால் எருசலேம் இல்லை, நம் கடற்கரை ஓரத்துக் கண்டல் காடு. இன்னொரு சுவரில் இயேசு குனிந்து சீடரின் காலைக் கழுவுகிறார். முதல்முறை போனபோது அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். எங்கள் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர், துரை குதிரையில் வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்லுவார். அதே மலையில் ஒரு பள்ளிக்கூடம், நாளைக்கு அதிகாரிகளாகப் போகிற பையன்கள் தினமும் பார்க்கிற சுவரில், குரு குனிந்து காலைக் கழுவுகிற படத்தை எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்து எத்தனை பையன்கள் மாறினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கட்டியவர்களுக்கு, இங்கே வந்து உட்காருகிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்ற நினைப்பு இருந்திருக்கிறது. அக்கா, நீங்கள் போகும் பள்ளியில் சாப்பலைப் பாருங்கள். அதில் உங்கள் மகளை நினைத்து ஏதாவது ஒன்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் போதும்.


தேரிக்காட்டுப் பொண்ணு:

கண்டி அண்ணா சொன்னதில் பாட்டு முக்கியம். எங்களுக்கு ஆங்கிலப் பாட்டின் தமிழாக்கம் ஒருநாள், கீர்த்தனை ஒருநாள். கீர்த்தனை நாளில் இந்துப் பிள்ளைகள் குரல்தான் நன்றாக எடுபடும், வீட்டில் பஜனை கேட்டு வளர்ந்ததுகள், தாளம் தானாக வரும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரே விடுதிப் பிள்ளை மாதிரித்தானே, பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய் வளர்ந்தவர். அந்தப் பிள்ளை எழுதிய பாட்டைத்தான் இருநூறு வருஷம் கழித்து நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு பாடினோம்.


முன்னாள் வார்டன்:

முப்பத்தொரு வருஷம் பெண்கள் விடுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சிவகாசித் தம்பி சொன்ன நோட்டை நானும் வைத்திருந்தேன். முதல் ஒன்பது வருஷம் வாசலில் நின்று நானே டிக் போட்டேன். கறியை நிறுத்தியதில்லை, ஆனால் வராத பிள்ளைகள் அடுத்த நாள் முற்றம் பெருக்க வேண்டும். அது சரி என்றே நினைத்தேன். கடவுள் பயம் வரும், ஒழுங்கு வரும் என்று.

ஒரு பரீட்சைக் காலம். இரவு பதினொன்றரைக்கு ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு கட்டில் காலி. பத்தாம் வகுப்புப் பிள்ளை, முற்றம் பெருக்குகிறவர்கள் பட்டியலில் அதிகம் வருகிற பிள்ளை, ஜெபத்துக்கு வராமல் ஒளிந்துகொள்கிறவள். எனக்குக் கை கால் ஓடவில்லை. கிணற்றடி, மாடி, பின்வாசல், எல்லா இடமும் டார்ச் அடித்துத் தேடினேன். கடைசியில் சாப்பல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை, ஏனென்றால் நான் எட்டு மணிக்கே பூட்டிவிடுவேன். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக அன்று மாலை தகவல் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் இழுத்து வைத்தபோது வராத பிள்ளை. ராத்திரி தானாக வந்தபோது கதவு பூட்டு.

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து விளக்கைப் போட்டேன். அவள் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வாசலில் இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அவள் ஜெபம் பண்ணினாளா என்று எனக்குத் தெரியாது, பார்க்கவும் இல்லை.

அந்த வாரமே நோட்டை எடுத்துவிட்டேன். பூட்டை ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவேன், யாராவது கேட்டால் அதற்குப் பிறகும் திறப்பேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நிர்வாகத்தில் கேள்வி கேட்டார்கள். காலையில் எண்ணிக்கை குறைந்தது உண்மை, முதல் மாதம் நன்றாகவே குறைந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது, பழைய அளவுக்கு வரவே இல்லை. ஆனால் மாலையில், ஒருவர் இருவராக, நேரம் கெட்ட நேரத்தில் வருகிற பிள்ளைகளை அதற்கு முன்னால் நான் கண்டதே இல்லை. அதில் பாதிக்கு மேல் கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லை.

தம்பி, உங்களிடம் அந்த நோட்டை வைத்திருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. நோட்டு வைத்திருந்த ஒருத்தியாக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.


சிவகாசி வெடி:

அம்மா, நீங்கள் எதற்கு. ஆனால் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

திருப்பூர் அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளிக்குப் போனால் சாப்பலில் தினசரி வருகைப் பதிவு உண்டா என்று கேளுங்கள். இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டு பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.


திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமை போய்விட்டு வந்தோம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியை அம்மாவிடம் வக்கீல் ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன். காலை ஜெபத்துக்கு எல்லோரும் வருவது வழக்கம், வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால் அந்த நேரம் லைப்ரரியில் உட்காரலாம், இப்போது பதினாலு பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள் என்றார். வருகைப் பதிவு உண்டா என்று கேட்டேன். காலையில் உண்டு, ஆனால் அது எண்ணிக்கைக்கு, வரிசையில் நிற்கும்போதே எடுத்துவிடுவோம், பிள்ளை காணாமல் போகாமல் இருக்க என்றார். ஃபீஸ் பற்றி அங்கே பேசுவீர்களா என்று கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். நான் ஒரு தம்பியின் கதை என்று மட்டும் சொன்னேன்.

பிறகு சாப்பலைப் பார்க்க வேண்டும் என்றேன். மூன்று மணி இருக்கும். சின்னக் கட்டடம், ஓடு போட்டது. உள்ளே சுவரில் ஓவியம் எல்லாம் இல்லை, வெள்ளைச் சுவர்தான். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. உள்ளே கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை, ஏழாவதோ எட்டாவதோ, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஆயாம்மா பெருக்கிக்கொண்டு வந்தார், அந்த பெஞ்சு வந்ததும் பிள்ளையை எழுப்பவில்லை, அதன் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, ஏன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியவில்லை.

என் மகள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி அந்த ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆயாம்மாவிடம் இது எப்பவும் திறந்திருக்குமா என்று கேட்டாள். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கண்ணு, அதுக்கு மேலன்னா என்னைக் கூப்பிடு என்றார். மாமியார் வாசற்படியிலேயே நின்று உள்ளே பார்த்துவிட்டு, பளிச்சென்று சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றார். வரும் வழியில் பஸ்ஸில், திருநீற்றை எதில் போட்டுக் கொடுக்கலாம், தீப்பெட்டி என்றால் ஈரமாகிவிடாதா என்று கேட்டார். இந்த இழையை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் "மகள் விருப்பப்படி" என்று எழுதினேன், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதில் இல்லாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


தேரிக்காட்டுப் பொண்ணு:

அக்கா, சந்தோஷம். திருநீற்றுக்கு அயோடெக்ஸ் மூடி போட்ட குட்டி டப்பா இருக்கிறதே, நன்றாகக் கழுவிக் காயவைத்து அதில் போடுங்கள், மழைக்காலத்திலும் நிற்கும். ஸ்வெட்டர் இரண்டு போதும். காலுறை மட்டும் பட்டியலில் எத்தனை போட்டிருந்தாலும் அதைவிட நாலு ஜோடி கூட வாங்குங்கள், மொத்தமான கம்பளி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அந்தத் தரை டிசம்பரில் தாங்காது.